கழிப்பறைக்குக் கலை எதற்கு?

கோயில் தூணுக்குச் சிற்பம்! கொலுமண்டபக் கூரைக்கு ஓவியம்! கோமான் கூடத்துக்குக் கண்ணாடிச் சரவிளக்கு! கலை எங்கே குடியிருக்க வேண்டுமென்பதைக் காலமெல்லாம் கொற்றவரும் குருமாரும் கூடி வகுத்தனர். பொதுமக்கள் நாள்தோறும் போய்வரும் கழிப்பறைக்கும் கலை வேண்டுமென்று கேட்டால், கேட்பவனை ஏற இறங்கப் பார்ப்பர். பார்க்கட்டும்! வரலாற்றில் அதற்கும் ஏடுகள் உண்டு.

1899ஆம் ஆண்டு, ஸ்காட்லாந்தின் பியூட் தீவிலுள்ள ராத்சி எனும் ஊரின் துறைமுகக் குழுவினர் ஒரு கழிப்பறை எழுப்பினர். கிளாஸ்கோ நகரில் உழைத்துக் களைத்தோர் விடுமுறை நாளில் நீராவிக் கப்பலேறி வந்து இறங்கும் ஊர் அது. சுவரெங்கும் மெருகேறிய பீங்கான் ஓடுகள். தரையிலே வண்ணக்கல் பதித்த கோலம். உள்ளிருக்கும் நீர் வெளியே தெரியும் கண்ணாடித் தொட்டிகள். பளபளக்கும் செப்புக் குழாய்கள். உழைப்பாளியை வரவேற்க ஒரு பளிங்கு மாளிகை! ஆனால் தோழரே, அந்த மாளிகையில் பாதி மக்களுக்கு இடமில்லை. ஆடவருக்கு மட்டுமே கட்டினர். கப்பலில் பெண்கள் வரவில்லையா? வந்தனர். அவர்களுக்கும் உடல் உண்டென்பதை அழகறிந்த அந்தப் பெருமக்கள் ஏனோ மறந்தனர். 1994இல் அதைப் புதுப்பித்தபோதுதான் பெண்களுக்கென ஒரு பகுதி சேர்ந்தது. இடையிலே 95 ஆண்டுகள்!

ராத்சியில் கலை மேலிருந்து வந்தது. நியூசிலாந்தின் வடகோடியிலுள்ள காவாகாவா எனும் சிற்றூரில் அது ஊரிலிருந்தே எழுந்தது. 1928இல் வியன்னாவில் பிறந்த ஓவியர் ஹுண்டர்ட்வாசர் அவ்வூருக்கு அருகே நிலம் வாங்கி வாழ்ந்து வந்தார். அவருடைய தாய் யூதர். இட்லரின் கொடுங்கோலுக்குத் தாய்வழி உறவினர் பலரைப் பறிகொடுத்தவர் அவர். நேர்க்கோட்டைப் பகையாகக் கருதியவர். மனிதக் கழிவை இழிவென்று ஒதுக்கிக் கண்ணுக்கு மறைவாகத் தள்ளும் நாகரிகத்தைச் சாடி, அதை மண்ணுக்கே உரமாகத் திருப்பித் தரவேண்டுமென்று 1979இல் அறிக்கையே விடுத்தவர்!

ஊரின் பழைய கழிப்பறையைப் புதுப்பிக்கும் பேச்சு எழுந்தபோது அவர் தாமே முன்வந்தார். இடித்த வங்கிக் கட்டடத்தின் செங்கற்கள் சுவராயின. வெறும் புட்டிகள் சாளரமாயின. உள்ளூர் உயர்நிலைப் பள்ளி மாணவர் செய்த ஓடுகள் சுவரில் ஏறின. அங்கே நின்ற மரத்தை வெட்டவில்லை. கட்டடமே அதற்கு வழிவிட்டது. கூரைமேல் புல் முளைத்தது. 1999 டிசம்பரில் கழிப்பறை திறக்கப்பட்டது. 2000 பிப்ரவரியில், கப்பற் பயணத்தின்போது, ஓவியர் மறைந்தார். இன்றும் அந்தக் கழிப்பறையைக் காணவே பயணிகள் அவ்வூருக்கு வருகின்றனர்.

நம் நாட்டிலும் இத்துறையில் கலை இல்லாமலில்லை. தெருச்சுவரில் சிறுநீர் கழிப்பதைத் தடுக்க முருகன், பிள்ளையார், ஏசு, மக்கா படங்கள் பொறித்த ஓடுகளைப் பதிக்கும் கலை! கழிப்பறை கட்ட வேண்டிய இடத்தில் கடவுளைக் காவல் வைத்த கெட்டிக்காரத்தனத்தை என்னென்பது? அடக்கிக்கொண்டு நடப்பவன் எங்கே போவான் என்று எந்த ஓடும் சொல்வதில்லை. பெண்களைப் பற்றி அந்தச் சுவருக்குக் கவலையே கிடையாது.

இன்னொரு மோசடியும் உண்டு. வெளிச்சுவரில் மயிலும் தாமரையும் சிரிக்க, உள்ளே குழாயில் நீரில்லை, கதவில் தாழ்ப்பாளில்லை. அது கலையன்று, கந்தலை மூடிய பட்டு. கையால் மலம் அள்ளச் செய்வதை 1993இல் ஒரு சட்டமும் 2013இல் மற்றொரு சட்டமும் தடுத்தன. இருந்தும் சாக்கடைக் குழியில் இறங்கி மாண்டோரின் குடும்பத்துக்கு 30 இலட்சம் ரூபாய் இழப்பீடு தரவேண்டுமென்று 2023இல் உச்சநீதிமன்றம் ஆணையிட வேண்டியிருந்தது. கழிவை இழிவென்றவர்கள், அதை அள்ளுபவனையும் இழிந்தவன் என்று பிறப்பிலேயே எழுதி வைத்தார்களே, அதன் விலை இது!

நகராட்சிகள் பழைய கழிப்பறைகளைப் புதுப்பிக்கும்போது ஓவியரை அழைக்கட்டும். அத்தெருப் பள்ளிப் பிள்ளைகள் ஓடு வனையட்டும். ஆனால் ஓவியருக்குப் பணி ஆணை போகுமுன் நீரும் விளக்கும் தாழ்ப்பாளும் வரவேண்டும். பெண்களின் பகுதி முதல் வரைபடத்திலேயே இருக்கவேண்டும். துப்புரவுத் தொழிலாளருக்கு நிலையான ஊதியம் திட்டச் செலவிலேயே எழுதப்படவேண்டும். எந்தச் சுவரில் என்ன வரைவது என்று கூடிப்பேசும்போது, அங்கே நாள்தோறும் பணிபுரியும் அந்தத் தொழிலாளருக்கும் ஒரு நாற்காலி போடவேண்டும்.