சிவிங்கி

ஒட்டகச்சிவிங்கியைத் தெரியாத பள்ளிப் பிள்ளை இல்லை. அந்தப் பெயரின் பின்பாதியில் ஒளிந்திருக்கும் சிவிங்கியைத்தான் பலருக்கும் தெரியாது. ஒட்டகம் போல நெடுங்கழுத்து, சிவிங்கி போலப் புள்ளி. பெயர் வைத்தவர் கெட்டிக்காரர்தான்.

சிவிங்கி என்பது சீட்டா. அதைச் சிறுத்தை என்று எழுதிவிடுகிறவர்கள் அதன் முகத்தைப் பார்க்க வேண்டும்: கண்ணின் உள்முனையிலிருந்து வாயோரம் வரை, மை கரைந்து வழிந்தாற்போல ஒரு கறுப்புக் கோடு. சிறுத்தைக்கு அது கிடையாது. சிவிங்கிக்குக் கர்ஜிக்கவும் வராது, பூனைபோலக் குறுகுறுக்கும்.

‘சீட்டா’ இந்தி வழி வந்தது. வேர், புள்ளியிட்டது எனப் பொருள்படும் ‘சித்ர’ என்ற வடசொல்.

முகலாயர் கண்ணைக் கட்டி வண்டியில் கொண்டுபோய், மான்மீது ஏவிய வேட்டைத்துணை இது. 1952இல் இந்தியாவில் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது. 2022இல் நமீபியாவிலிருந்து எட்டுச் சிவிங்கிகள் மத்தியப் பிரதேசத்தின் குனோ தேசியப் பூங்காவுக்கு வான்வழியே வந்திறங்கின.