சேப்பாக்கம் கண்ட வெரிட்டி

1934ஆம் ஆண்டு பிப்ரவரி 10ஆம் நாள் சேப்பாக்கம் மைதானத்தில் முதல் டெஸ்ட் ஆட்டம் தொடங்கிற்று. இங்கிலாந்து அணிக்கு டக்ளஸ் ஜார்டின் தலைவர். இந்திய அணிக்கு சி. கே. நாயுடு. இங்கிலாந்தின் முதல் ஆட்டத்தில் அமர்சிங் 86 ஓட்டங்களுக்கு ஏழு விக்கெட்டுகளைச் சாய்த்தார். மறுமொழியாக இந்தியாவை 145 ஓட்டங்களுக்குள் சுருட்டியவர் யார்க்ஷயரின் இடக்கைச் சுழல் வீச்சாளர் ஹெட்லி வெரிட்டி. அவருக்கும் ஏழு விக்கெட்டுகளே. கொடுத்தவை 49 ஓட்டங்கள். இரண்டாம் ஆட்டத்தில் மேலும் நான்கு. இங்கிலாந்து 202 ஓட்டங்களில் வென்றது. அன்று எதிரெதிர் அணிகளில் ஒளிர்ந்த அவ்விருவரும் பத்தாண்டு கழியுமுன் மறைந்தனர். அமர்சிங்கை 1940இல் நோய் கொண்டுபோயிற்று. வெரிட்டியைப் போர் கொண்டுபோயிற்று.

1905 மே 18இல் லீட்ஸ் நகரின் ஹெடிங்லியில் பிறந்த வெரிட்டி, யார்க்ஷயருக்கு ஆடத் தொடங்கியபோது வயது இருபத்தைந்து. வில்பிரட் ரோட்ஸ் என்ற பெருங்கலைஞர் 1930இல் ஓய்வு பெற்ற பின்னரே அவருக்கு நிலையான இடம் கிட்டியது. காத்திருப்பு வீண்போகவில்லை. 1931இல், தம் இருபத்தாறாவது பிறந்தநாளிலேயே, வார்விக்ஷயரின் பத்து விக்கெட்டுகளையும் 36 ஓட்டங்களுக்கு வீழ்த்தினார். பின்னர் தம் மக்களில் ஒருவருக்கு வில்பிரட் என்றும், மற்றொருவருக்குத் தலைவர் ஜார்டினின் நினைவாக டக்ளஸ் என்றும் பெயரிட்டார்.

1932 ஜூலை 12 அன்று அதே ஹெடிங்லியில் நாட்டிங்காம்ஷயருக்கு எதிராக நிகழ்ந்ததை எண்களாலேயே சொல்லிவிடலாம். 19.4 ஓவர்கள், அவற்றுள் 16 ஓவர்களில் ஓட்டமே இல்லை, 10 ஓட்டங்கள், 10 விக்கெட்டுகள். முதல்தர ஆட்டத்தில் இதனை விஞ்சிய பந்துவீச்சு இன்றளவும் இல்லை. சொற்சிக்கனம் பற்றி ஓயாது பேசும் கவிஞர்கள் இவ்வெண்களைச் சற்று நேரம் நோக்கலாம். ஆறடிக்கு மேல் உயர்ந்த அந்த மனிதர் சுழல் வீச்சாளர்களின் வழக்கத்தைவிடச் சற்று விரைவாகவே வீசுவார். பந்தைப் பெரிதாகத் திருப்புவதைக் காட்டிலும், விழவேண்டிய இடத்தில் விழச் செய்வதே அவர் கலை. மழை நனைத்த தரை கிடைத்துவிட்டால் அக்கலைக்கு எல்லையில்லை. 1934இல் லார்ட்ஸ் மைதானத்தில் ஆஸ்திரேலியாவின் பதினைந்து விக்கெட்டுகளை 104 ஓட்டங்களுக்கு எடுத்தார். அவற்றுள் பதினான்கு ஒரே நாளில் வீழ்ந்தவை. பிராட்மனை டெஸ்டுகளில் எட்டு முறை ஆட்டமிழக்கச் செய்தவர் அவர்.

போர் வரும் என்பதை அவர் முன்பே உணர்ந்திருந்தார். கிரீன் ஹவர்ட்ஸ் படையின் அதிகாரி ஒருவர் கொடுத்த படைத்துறை நூல்களை 1938-39இல் தென்னாப்பிரிக்கப் பயணத்தில் உடன்கொண்டு சென்று படித்தார். 1939 செப்டம்பர் 1 அன்று ஜெர்மானியப் படை போலந்துக்குள் நுழைந்தது. அதே நாளில் ஹோவ் நகரில் சசெக்ஸ் அணியை 33 ஓட்டங்களுக்குள் அடக்கினார் வெரிட்டி: ஆறு ஓவர்கள், 9 ஓட்டங்கள், ஏழு விக்கெட்டுகள். யார்க்ஷயருக்கு அவர் ஆடிய கடைசி ஆட்டம் அதுவே. முதல்தர ஆட்டங்களில் 1956 விக்கெட்டுகள் என்ற கணக்கு அங்கே நின்றது.

படையில் கேப்டனாக உயர்ந்தார். அவர் பிரிவு இந்தியாவுக்கும் வந்தது. முன்பு விருந்தினராக வந்த நாட்டில் இம்முறை ராஞ்சி முகாமில் வயிற்றுக்கடுப்பால் வருந்திக் கிடந்தார். நோயைக் காரணம் காட்டிப் போர்முனையிலிருந்து ஒதுங்க வழியிருந்தும் அவர் ஒதுங்கவில்லை. பாரசீகம், சிரியா, எகிப்து என அலைந்து, 1943 ஜூலையில் சிசிலித் தீவில் இறங்கினார்.

ஜூலை 19ஆம் நாள் இரவு, கட்டானியாச் சமவெளியில், முதிர்ந்த கதிர்கள் நின்ற வயலின் ஊடே தம் வீரர்களை நடத்திச் சென்றார். எதிரியின் குண்டுகள் கதிர்களைக் கொளுத்தின. நெருப்பின் வெளிச்சத்தில் வீரர்கள் வெளிப்படையான இலக்குகள் ஆயினர். மார்பில் குண்டு பாய்ந்து வீழ்ந்த வெரிட்டி, தொடர்ந்து முன்னேறுங்கள் என்றே ஆணையிட்டார். தாக்குதல் முறிந்து படை பின்வாங்கியபோது, அவருடைய உதவி வீரர் ஒருவர் மட்டும் அவரருகே தங்கினார். இருவரும் சிறைப்பட்டனர். காயத்தோடு இத்தாலிய நிலப்பரப்புக்குக் கொண்டுசெல்லப்பட்டு, காசர்ட்டா மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை செய்யப்பட்டும் பயனின்றி, ஜூலை 31இல் உயிர் நீத்தார். வயது முப்பத்தெட்டு. எடுத்த விக்கெட்டுகளைச் சொல்லும் நூல்கள் பல; அந்த வயலைச் சொல்வன சில.

1938இல் ஓவல் மைதானத்தில் லென் ஹட்டன் 364 ஓட்டங்கள் குவித்தபோது, இடைவேளைதோறும் அந்த இளைஞனின் அருகில் அமர்ந்து, அவன் மனம் சிதறாமல் காத்தவர் வெரிட்டி. 1954இல் இங்கிலாந்து அணித் தலைவராக ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறிய ஹட்டன், வழியில் நேப்பிள்ஸில் இறங்கிக் காசர்ட்டாவுக்குச் சென்றார். போர்வீரர் கல்லறைகளின் நடுவே அவருடையதைத் தேடி, அதன் அருகில் நின்றார்.