அன்னாசி நார்: ஒரு வரலாற்று நோக்கு

பூவோடு சேர்ந்த நாரும் மணம் பெறும் என்பது நம் பழமொழி. நாருக்கெனத் தனிப் பெருமை இல்லை. அது சேர்ந்த இடத்தால்தான் மதிப்புப் பெறுகிறது என்பது இதன் கருத்து. ஜொகூர் மாநிலப் பொந்தியான் மாவட்டத்தில், ஒரு கனியின் பெயரையே தன் பெயராகக் கொண்ட பெக்கான் நானாஸில், கனியோடு கூடப் பிறந்த நாருக்கு அந்த மணமும் வாய்க்கவில்லை. கனி கடல் கடந்து சென்றது. இலையும் அதனுள் இருந்த நாரும் வயலிலேயே தீக்கு இரையாயின. இவ்வாறு ஆனதற்கான காரணத்தை வரலாற்றில்தான் தேட வேண்டும்.

அன்னாசி தென் அமெரிக்காவில் தோன்றிய செடி. 1493ஆம் ஆண்டு குவாதலூப் தீவில் கொலம்பஸின் குழுவினர் அதைக் கண்டனர். பிரேசில் நாட்டுத் தொல்குடிகளின் சொல்லைப் போர்த்துக்கீசியர் 'அனனாஸ்' என எடுத்துக்கொள்ள, அது மலாயில் 'நானாஸ்' என்றும் தமிழில் 'அன்னாசி' என்றும் திரிந்தது. தமிழில் இதற்குப் 'பறங்கித்தாழை' என்று மற்றொரு பெயரும் உண்டு. எனக்கு இப்பெயரே உவப்பானது. கடல் கடந்து வந்த புதுச்செடியைக் கண்டு இப்பெயரை இட்டவர் கனியை நோக்கவில்லை; முள் விளிம்புடைய நீண்ட இலையை நோக்கியிருக்கிறார். தாழையின் மடலைக் கிழித்துப் பாய் முடைவது அவர் அறிந்த தொழில். மலாய்க்காரர்களும் தாழையினத்தைச் சேர்ந்த மெங்குவாங் இலையில் பாய் முடைகிறார்கள்.

இலையை நோக்கிய மக்கள் பிலிப்பைன்ஸ் தீவுகளிலும் இருந்தனர். 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் அங்கே கொண்டுவந்த செடியிலிருந்து அவர்கள் 'பீன்யா' என்னும் துணியை நெய்தனர். அத்தொழில் நடைபெறும் முறையைச் சற்று விரிவாகக் கூறவேண்டும். முற்றிய இலையை அறுத்து முள்ளை நீக்குவர். பின் அதைப் பலகைமேல் கிடத்தி, உடைந்த பீங்கான் தட்டின் விளிம்பால் பச்சைத் தோலைச் சுரண்டுவர். முதலில் முரட்டு நார் வெளிப்படும். அதனை எடுத்தபின் தேங்காய்ச் சிரட்டையால் மெல்லச் சுரண்ட, மயிரினும் மெலிந்த இரண்டாம் நார் கிட்டும். இரண்டையும் நீரில் அலசி உலர்த்துவர். பின்னர் ஒவ்வோர் இழையின் நுனியையும் அடுத்த இழையின் அடியோடு கையால் முடிந்து நீட்டுவர். பஞ்சைப் போல் இதனை நூற்பதில்லை, முடிச்சுகளே நூலாகின்றன. ஒளி ஊடுருவும் அந்தத் துணியின் ஒரு முழத்தில் எத்தனை விரல்களின் பொறுமை அடங்கியிருக்கிறது என்பதை, முடிந்து பார்த்தவரே அறிவர்.

19ஆம் நூற்றாண்டில் ஆலைத் துணி மலிவாக வந்து குவிந்தபின் இக்கலை நலிந்தது. 1980களில் அக்லான் மாகாணத்தின் கலிபோ நகரில் அதனை மீண்டும் உயிர்ப்பிக்கும் முயற்சி தொடங்கிற்று. முதியோரிடம் எஞ்சியிருந்த கைத்திறன் இளையோருக்குக் கற்பிக்கப்பட்டது. 2023ஆம் ஆண்டு டிசம்பரில் யுனெஸ்கோ, அக்லான் பீன்யா நெசவை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

இனி நம் மண்ணுக்கு வருவோம். மலாயாவில் அன்னாசி முதலில் ரப்பர்க் கன்றுகளுக்கிடையே ஊடுபயிராக நடப்பட்டது. கன்று வளர்ந்து நிழல் விரிக்கும்வரை நிலத்தைச் சும்மா விடாமல் வருவாய் ஈட்டும் வழி அது. தகரத்தில் அடைத்த பழம் சிங்கப்பூர்த் துறைமுகம் வழியாக ஐரோப்பாவுக்குச் சென்றது. பின்னாளில் 'ரப்பர் மன்னர்' எனப் பெயர் பெற்ற டான் கா கீ 1904இல் முதலில் தொடங்கியதும் அன்னாசித் தகரத் தொழிற்சாலையே. 1930களில் இவ்வணிகத்தில் ஹவாய்க்கு அடுத்த இடம் மலாயாவுக்கு இருந்தது. பின்னர் ஜொகூரின் மேற்குக் கரையோரச் சதுப்புக் கரிமண் அன்னாசியின் தாயகமாயிற்று. வேறு பயிர் எளிதில் ஏற்காத புளிப்பு மண்ணில் அது தழைத்தது. 1957இல் அன்னாசித் தொழில் வாரியமும் அமைந்தது.

இங்கே மாணவர்கள் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. தகரத்துக்கென ஜொகூரில் பயிரிட்ட 'கண்டுல்' வகையும், நாருக்கெனப் பிலிப்பைன்ஸில் பேணிய வகையும் ஸ்பானிய இனம் எனப்படும் ஒரே பிரிவைச் சேர்ந்தவை. செடியில் குறையில்லை. அங்கே நாரை நெய்தவர் இருந்தனர். இங்கே தொழிற்சாலை கேட்டது பழத்தை மட்டுமே. கூலியும் பழத்துக்கே கணக்கிடப்பட்டது. கேட்பாரற்ற இலையை அடுத்த நடவுக்கு முன் கொளுத்துவதே எளிதாக இருந்தது. கரிமண்ணில் பிடித்த தீ மேலே அணைந்தாலும் அடியில் புகைந்துகொண்டே இருக்கும். அப்புகையை மூச்சில் வாங்கியவர்கள் அவ்வட்டாரத்துக் குடும்பங்களே.

இலையை நாராக்கும் எண்ணம் தமிழகத்திலும் முளைத்தது. சென்னைக்கு அருகே அடையாற்றங்கரையில் அமைந்த அனகாபுத்தூர் ஒரு நெசவாளர் ஊர். அவ்வூரார் நெய்த 'ரியல் மெட்ராஸ்' கைக்குட்டைத் துணி நைஜீரியாவுக்கு ஏற்றுமதியாயிற்று. 1970களில் அந்நாடு இறக்குமதிக்குக் கதவடைத்தபின் தறிகள் ஓய்ந்தன. எஞ்சியோர் வாழை, அன்னாசி, கற்றாழை, சணல் நார்களின் பக்கம் திரும்பினர். 25 வகை இயற்கை நார்களால் ஒரு சேலை நெய்து 2011இல் லிம்கா சாதனை நூலில் இடம்பெற்றனர். மகளிர் குழுக்களுக்கு அவர்கள் பயிற்சியும் அளித்தனர். சாதனையைவிட இப்பயிற்சியையே நான் பெரிதாக எண்ணுகிறேன். அங்கும் பிள்ளைகள் தறியை விட்டு வேறு வேலை தேடுவது தொடர்கிறது. சாதனை நூல் அதனைத் தடுக்கவில்லை.

நம் மாநிலத்திலும் பத்து பகாட்டில் உள்ள துன் உசேன் ஓன் பல்கலைக்கழகத்தார் அன்னாசி இலையிலிருந்து நாரைப் பிரிக்கும் பொறியை வடிவமைத்துள்ளனர். பொறி இருக்கிறது, இலையும் இருக்கிறது. பழகிய கைகள் இல்லை. கைவேலை வகுப்பில் ஒருமுறை மாணவர்களுடன் சேர்ந்து உடைந்த தட்டாலும் சிரட்டையாலும் சுரண்டிப் பார்த்தோம். முற்பகல் முழுதும் உழைத்து ஒரு கைப்பிடி நார் கிடைத்தது. நூறு கிலோ பச்சை இலையில் மூன்று கிலோ நார் தேறுவதே அரிது என்பதை எந்தப் பாடநூலும் இவ்வளவு தெளிவாகக் கற்பித்திராது. பாதி இழைகள் முடியும்போதே அறுந்தன. நான் முடிந்தவையும் அவற்றில் அடக்கம்.

ஆகவே ஊரில் பட்டறை ஒன்று அமைப்போர் தறியை முதலில் வாங்கவேண்டியதில்லை என்பது என் கருத்து. அக்லானிலும் சுரண்டுவோர், முடிவோர், நெய்வோர் எனத் தொழில் பிரிந்தே இருக்கிறது. முடிச்சு இடுவதற்குத் தேவையானவை நல்ல வெளிச்சமும் அமர்ந்த மனமும் மட்டுமே. வாரம் ஒருநாள் பள்ளி மண்டபத்தில் தாய்மாரும் பிள்ளைகளும் கூடினால் போதும். ஆனால் இடம் முக்கியம். அறுத்த இலை வாடிவிட்டால் தோல் நாரோடு ஒட்டிக்கொள்ளும். அன்றே சுரண்டிவிட வேண்டும். தொலைநகரத்துக் கண்காட்சிக் கூடத்தில் இது நடவாது. வயலுக்கு அருகிலேயே, பெக்கான் நானாஸிலேயேதான் நடக்க முடியும்.