மாத்திரையைப் பலமடங்காக்கிய பழச்சாறு

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் லண்டன் என்றொரு நகரம் உண்டு. 1980-களின் இறுதியில் ஆய்வாளர் டேவிட் பெய்லியும் அவரது குழுவினரும் அங்கே ஒரு சோதனை நடத்தினார்கள். ஃபெலோடிபின் என்ற ரத்தக்கொதிப்பு மாத்திரையோடு மது சேர்ந்தால் என்ன ஆகும் என்று பார்ப்பதே நோக்கம். குடிப்பதில் மது இருக்கிறதா என்பது சோதனைக்கு வந்தவர்களுக்குத் தெரியக் கூடாது. ஆகவே அதன் ருசியை மறைக்க கிரேப்ஃபுரூட் என்ற பழத்தின் சாற்றைப் பயன்படுத்தினார்கள்.

முடிவு எல்லோரையும் குழப்பியது. மது கலந்த சாறு, கலக்காத சாறு இரண்டிலுமே ரத்தத்தில் மருந்தின் அளவு எதிர்பார்த்ததைவிட வெகுவாகக் கூடியிருந்தது. பெய்லி தானே மாத்திரையை விழுங்கிப் பார்த்தார். தண்ணீரோடு விழுங்கியதைவிடச் சாற்றோடு விழுங்கியபோது சுமார் 5 மடங்கு மருந்து ரத்தத்தில் இருந்தது. 1991-ல் 'லான்செட்' இதழில் விரிவான ஆய்வு வந்தது. ஆரஞ்சுச் சாறு அப்படிச் செய்யவில்லை.

காரணம் சிறுகுடல் சுவரில் இருந்தது. அங்குள்ள சி.ஒய்.பி.3ஏ4 என்ற நொதி பல மருந்துகளை ரத்தத்தில் சேருமுன்பே சிதைத்துவிடும். கிரேப்ஃபுரூட்டில் உள்ள ஃப்யூரானோகூமரின்கள் அந்த நொதியையே முடக்குகின்றன. உடல் புதிதாக நொதியை உண்டாக்கும்வரை, ஓரிரு நாட்களுக்குக்கூட, விளைவு நீடிக்கும். காலையில் சாறு, இரவில் மாத்திரை என்று பிரித்துக்கொண்டாலும் முழுமையாகத் தப்ப முடியாது.

கொலஸ்ட்ரால் மாத்திரைகளில் இந்த விளைவின் வீரியம் 1998-ல் தெரியவந்தது. சிம்வாஸ்டாடின் என்ற மாத்திரையில் 5 சதவீதத்துக்கும் குறைவாகவே செயல்படும் மருந்தாக ரத்த ஓட்டத்தை எட்டுகிறது; மீதியைக் குடலும் கல்லீரலும் தடுத்துவிடுகின்றன. ஃபின்லாந்தின் ஹெல்சின்கியில், அடர்த்தியான கிரேப்ஃபுரூட் சாற்றை நாளுக்கு மூன்று முறை குடித்தவர்களின் உடலில் சிம்வாஸ்டாடின் சுமார் 16 மடங்கு உயர்ந்தது. 1987 முதல் அமெரிக்காவில் விற்பனையிலிருந்த லோவாஸ்டாடின் என்ற இன்னொரு கொலஸ்ட்ரால் மருந்து சுமார் 15 மடங்கு உயர்ந்தது. சாதாரண அளவில் குடித்தால் விளைவு குறைவுதான். ஆனால் மருந்து மிகும்போது தசைகள் சிதையலாம், சிறுநீரகமும் பழுதாகலாம்.

அடோர்வாஸ்டாடினும் ஓரளவு பாதிக்கப்படும். ரோசுவாஸ்டாடினும் பிராவாஸ்டாடினும் இந்த நொதியை நம்பியிருப்பதில்லை. அவற்றுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

கிரேப்ஃபுரூட் நமக்கு அதிகம் பழக்கமில்லை. ஆனால் 18-ஆம் நூற்றாண்டில் பார்படோஸ் தீவில் ஆரஞ்சோடு கலந்து அதைப் பெற்றெடுத்த தாய்ப்பழம் நம் பம்பளிமாஸ்தான். ஃப்யூரானோகூமரின்கள் அதிலும் உண்டு. கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதன் பெயரை மருத்துவரிடம் காட்டி, இந்தப் பழங்களைச் சாப்பிடலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.