பதினொருவர் வென்ற கேடயம்

மாலை வெயில் தாழ்ந்ததும் திருநெல்வேலியிற் பல்கலைக்கழக மைதானத்தில் உதைபந்தின் ஓசை கேட்கத் தொடங்கும். சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921ஆம் ஆண்டில் பரமேஸ்வராக் கல்லூரியை நிறுவிய வளவு இது. அதுவே 1974இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகமாகி, 1979இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமாகத் தனித்து நின்றது. ஒருபால் பரமேஸ்வரன் ஆலய மணியோசை. மற்றொருபால் பந்தின் ஓசை. "இந்து இளைஞர் மலரிலே பந்தாட்டத்தைப் பற்றி எழுதுவானேன், தம்பி? அது மிஷன்காரர் கொண்டுவந்ததல்லவோ?" என்று பெரியவர் ஒருவர் எம்மைக் கேட்டார். மிஷன் பாடசாலையிற் படித்த எமக்கு அக்கேள்வி சற்றே உறைத்தது. விடையை வரலாற்றிலே தேடினோம்.

முதலில் எம் நினைவுக்கு வந்தவர் சுவாமி விவேகானந்தர். 1897ஆம் ஆண்டு தை மாதத்தில் அவர் யாழ்ப்பாணம் வந்து இந்துக் கல்லூரியில் வேதாந்தம் பற்றிப் பேசினார். இங்கிருந்து கடல் கடந்து சென்ற சில நாட்களுள் சென்னையிற் பேசியபோது, கீதையை ஓதுவதினும் உதைபந்தாடுவதால் வானுலகை விரைந்து நெருங்கலாம் என்ற கருத்தை வெளியிட்டார். உடல் உரம் பெற்ற பின்னரே கீதையின் பொருள் நன்கு விளங்கும் என்பது அவர் கொள்கை. ஆகவே பந்தாட்டம் சமயத்துக்குப் பகையன்று.

எனினும் பந்தை ஏற்பது நம்மவர்க்கு எளிதாக இருக்கவில்லை. 1891ஆம் ஆண்டில் காஷ்மீரத்துச் சிறீநகரிலே டின்டேல் பிஸ்கோ என்னும் மிஷன் ஆசிரியர் தம் பாடசாலைக்கு ஓர் உதைபந்தைக் கொண்டுசென்றார். தோலாற் செய்த பொருளைத் தீண்டோம் என்று பிராமணச் சிறுவர் மறுத்தனர். கட்டாயத்தின் பேரில் ஆட்டம் தொடங்கியது. ஒருவன் முகத்திற் பந்து பட்டதும் அவன் தீட்டுப்பட்டானென்று யாவரும் திகைத்தனர். அவனைக் கால்வாயிற் கழுவி அழைத்து வந்த பின் ஆட்டம் தொடர்ந்தது. கட்டாயப்படுத்தியதை நாம் மெச்சவில்லை. ஆயினும் நம்மைத் தடுத்து நின்றது எது என்பதை இச்சம்பவம் காட்டுகிறது.

வங்காளத்திலோ எவருடைய வற்புறுத்தலுமின்றி இளைஞர் தாமே பந்தைத் தேடிச் சென்றனர். அவர்களுள் முன்னோடி நாகேந்திரபிரசாத் சர்வாதிகாரி என்பவர். அவர் நடத்திய கழகம் ஒன்றிலே மணிதாஸ் என்ற குயவர் குலத்து இளைஞனைச் சேர்க்கலாகாதென்று குலப்பெருமை பேசுவோர் தடுத்தனராம். நாகேந்திரர் இளைஞனை விலக்கவில்லை. கழகத்தையே கலைத்துவிட்டுச் சோவாபஜார்க் கழகத்தை அமைத்தார். 1892இல் அச்சோவாபஜார் அணி, ஈஸ்ட் சரே என்னும் ஆங்கிலப் படைப்பிரிவின் அணியைத் தோற்கடித்தது.

இவ்வாறு பண்பட்ட நிலத்திலேதான் 1911ஆம் ஆண்டின் பெரும் பருவம் விளைந்தது. 1889இல் தோன்றிய மோகன் பகான் கழகம் அவ்வாண்டு இந்திய உதைபந்தாட்டச் சங்கக் கேடயத்துக்காகப் போட்டியிட்டது. 1905இல் கர்சன் பிரபு வங்கத்தைப் பிரித்த புண் அப்பொழுது ஆறியிருக்கவில்லை. அணியில் மாணவரும் இருந்தனர், எழுதுவினைஞரும் இருந்தனர். பதின்மர் வெறுங்காலுடன் ஆடினர். சப்பாத்து அணிந்தவர் சுதிர் சட்டர்ஜி ஒருவரே. அவர் கிறிஸ்தவர், கல்லூரி ஆசிரியர். வெற்றிக் கோலைப் பின்னர் அடித்த அபிலாஷ் கோஷ் மிஷன் கல்லூரி மாணவர்.

முதலிற் சென் சேவியர் கல்லூரி அணியை 3–0 என வென்றனர். அடுத்து ரேஞ்சர்ஸ் அணியை 2–1 எனவும், ரைபிள் பிரிகேட் படையணியை 1–0 எனவும் வென்றனர். அரையிறுதியில் மிடில்செக்ஸ் படையணியுடன் 1–1 எனச் சமநிலை கண்டு, மறு ஆட்டத்தில் 3–0 என வாகை சூடினர்.

ஆடி மாதத்து இறுதி ஆட்டம் 1911 யூலை 29ஆம் நாள் நடைபெற்றது. எதிரணி ஈஸ்ட் யோர்க்சயர் படையணி. ஊரூராகச் சனங்கள் வந்து குவிந்தனர். தொலைவில் நின்றோர்க்குக் கோற்கணக்கை அறிவிக்கப் பட்டங்களை ஏற்றினர் என்பர். பட்டக்கலையில் தேர்ந்த எமது வல்வெட்டித்துறையார் கேட்டால் மகிழ்வர்! முதற் கோல் படையினர்க்கே கிடைத்தது. கூட்டம் வாயடைத்து நின்றது. ஆயின் அணித்தலைவர் சிப்தாஸ் பாதுரி கணக்கைச் சமப்படுத்தினார். ஆட்டம் முடியுந் தறுவாயில் அபிலாஷ் கோஷ் பந்தைக் கோலுக்குள் செலுத்தினார். 2–1! அக்கேடயத்தை வென்ற முதல் இந்திய அணி இதுவே.

அவ்வாண்டு மார்கழியில் வங்கப் பிரிவினை நீக்கப்பட்டது. பந்தாட்டமே அதனை நீக்கிற்று என்பார் கூற்று மிகை. தலைநகரைத் தில்லிக்கு மாற்றிய அரசுக்கு வேறு கணக்குகள் இருந்தன. ஆயினும் வெள்ளையரை நேர்நின்று வெல்லலாம் என்ற துணிவைப் பாமரரும் கண்ணாரக் கண்டனர். பிராமணரும் அல்லாதாரும், இந்துவும் கிறிஸ்தவரும் ஒருவருக்கொருவர் பந்தைக் கொடுத்து வாங்கியதன் விளைவு அது.

இதனை எழுதும்போது எம் நெஞ்சிலே ஒரு முள் உறுத்துகின்றது. பாடசாலை நாட்களில் அயலூர் ஒன்றில் நாம் ஆடி வென்றோம். வெற்றிக் கோலை அடித்தவன் எம் தோழன் ஒருவன். ஆட்டம் முடிந்து ஒரு வீட்டிலே தேநீர் தந்தார்கள். எமக்கெல்லாம் பளபளக்கும் உலோகக் குவளைகள். அவனுக்கு மட்டும் எறிந்துவிடும் கடதாசிக் குவளை. அவன் ஒன்றுஞ் சொல்லாமற் குடித்தான். பதின்மரும் கண்டோம், பதின்மரும் வாளாவிருந்தோம். அன்று மைதானத்திலே வென்று முற்றத்திலே தோற்றோம். நாகேந்திரர் ஒரு கழகத்தையே கலைத்தார். எம்மால் ஒரு குவளையை மாற்றிக்கொள்ளவும் இயலவில்லை.

பெரியவர்க்கு எமது விடை இதுதான்: பந்தை யார் கொண்டுவந்தார் என்பது பெரிதன்று, அதனை யார் யாருக்குக் கொடுத்து ஆடுகின்றோம் என்பதே பெரிது. அன்பே சிவம் என்று ஓதும் நாம், ஆட்டம் முடிந்த பின்னரும் பதினொருவராகவே இருத்தல் வேண்டும். அடுத்த முறை அக்குவளை நீட்டப்படுமாயின், அதனை நாமே முதலிற் கைநீட்டி வாங்குவோம்.