பாத்ரூம் ரப்பரும் மூணு டிராம்போனும்... 1940-ன் ‘கோ-கோ’வை எப்படிக் கேட்கணும்?

‘விப்லாஷ்’ படத்தோட கிளைமாக்ஸ் ஞாபகம் இருக்கா? வேர்த்து விறுவிறுத்து அந்தப் பையன் டிரம்ஸைப் போட்டுப் புரட்டி எடுப்பானே... அந்தப் பாட்டுக்குப் பேர் ‘கேரவன்’. 1936-ல் முதன்முதலா பதிவானது. அதை உருவாக்கினவர் டிரம்மர் இல்லை. டியூக் எலிங்டன் இசைக்குழுவில் டிராம்போன் வாசிச்சுக்கிட்டிருந்த ஹுவான் டிசோல். உலகமே முணுமுணுக்கிற மெட்டைக் கொடுத்த மனுஷன், மேடையில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

அந்த வரிசையைப் பத்தித்தான் இந்தக் கட்டுரை. குறிப்பா, 1940 மார்ச் 6-ம் தேதி சிகாகோவில் எலிங்டன் குழு பதிவு செஞ்ச ‘கோ-கோ’ங்கிற ஒரே ஒரு பாட்டு. நீளம் 2 நிமிஷம் 40 விநாடி. நம்ம ஊர் சினிமாப் பாட்டில் பல்லவி முடிஞ்சு முதல் சரணம் தொடங்குற நேரத்துக்குக் கொஞ்சம் கூட. ஜாஸ் பெரிய இசைக்குழுக்கள் விட்டுப்போன பதிவுகளில் இதைத் தலைசிறந்ததா சொல்றவங்க நிறைய பேர். நானும் அந்தக் கட்சிதான்.

முதல்ல ஒரு உண்மையை ஒத்துக்கிறேன். இதை முதல் தடவை பஸ்ஸில், போன் ஸ்பீக்கரில் கேட்டேன். பழைய ரேடியோவில் யாரோ சண்டை போடுற மாதிரி இருந்துச்சு. பாதியில நிறுத்திட்டேன். சில மாசம் கழிச்சு ராத்திரி ஹெட்போனில் கேட்டப்போதான், நான் முதல்ல கேட்டது பாட்டோட மேல்தோலை மட்டும்தான்னு புரிஞ்சுது. போனில் இருக்கிற குட்டி ஸ்பீக்கருக்குக் கீழ்ஸ்தாயி சுத்தமா வராது. இந்தப் பாட்டோட உயிரே அந்தக் கீழ்ஸ்தாயியில்தான் இருக்கு. அதனால, ஹெட்போன் இல்லாம இதைத் தொடவே தொடாதீங்க.

இன்னொரு எச்சரிக்கை. தேடும்போது ‘எலிங்டன்’னு சேர்த்துத் தேடுங்க. சார்லி பார்க்கர் 1945-ல் இதே பேரில் ஒரு பாட்டு பதிவு செஞ்சிருக்கார். அதுவும் அபாரம்தான். ஆனா, அது முற்றிலும் வேற பாட்டு. சாக்ஸபோன் மின்னல் வேகத்தில் பறக்கும்.

வரிசை ஒண்ணு, குரல் மூணு

டிராம்போன் நமக்குப் புதுசில்லை. சில பேண்டு செட்டுகளில் ஒருத்தர் முன்னால நீளமா ஒரு குழாயை இழுத்து இழுத்துத் தள்ளுவாரே, அதுதான். இழுக்கிற குழாய்க்கு ஸ்லைடுன்னு பேரு. குழாய் நீண்டா சுரம் இறங்கும், சுருங்கினா ஏறும். ஸ்லைடுக்கு ஏழு நிலைகள் உண்டு. ஆனா, நிலையைக் காட்ட கோடோ பள்ளமோ கிடையாது. காதை நம்பித்தான் கையை நிறுத்தணும். அதனாலேயே ஒரு சுரத்திலிருந்து இன்னொண்ணுக்கு வழுக்கிப் போக முடியும், நம்ம பாட்டில் வர்ற கமகம் மாதிரி. மனுஷக் குரலுக்கு இவ்வளவு பக்கத்தில் வர்ற பித்தளைக் கருவி வேற இல்லைன்னு சொல்வேன்.

அந்தக் காலத்துப் பெரிய இசைக்குழுக்களில் மூணு, நாலு டிராம்போன் சேர்ந்து வாசிக்கும். பொதுவா, எல்லாரும் ஒரே ஆள் வாசிக்கிற மாதிரி ஒலிக்கணும்னு எதிர்பார்ப்பாங்க. யூனிஃபார்ம் மாதிரி, சத்தமும் ஒண்ணா இருக்கணும். எலிங்டன் செஞ்சது இதுக்கு நேர்மாறு. ஒருத்தருக்கொருத்தர் ஒத்தே வராத மூணு பேரைப் பக்கத்துப் பக்கத்துல உட்கார வெச்சார்.

முதல் ஆள் நம்ம டிசோல். போர்ட்டோ ரிக்கோவில் 1900-ல் பிறந்தவர். 1929-ல் எலிங்டன் குழுவில் சேர்ந்தார். இவர் வாசிச்சது ஸ்லைடு வெச்ச டிராம்போன் இல்லை. டிரம்பெட்டில் இருக்கிற மாதிரி விரலால் அழுத்துற வால்வு வெச்சது. வழுக்கல் இருக்காது, ஒவ்வொரு சுரமும் அச்சில் வார்த்த மாதிரி சுத்தமா விழும். எலிங்டன் எழுதினதைப் பார்த்து ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா பிரதி எடுத்துக் கொடுக்கிற வேலையும் இவருக்குத்தான். இவ்வளவு ஒழுங்கான ஆள், சக கலைஞர்களோட உடுப்பில் அரிப்புப் பொடி தூவுற குறும்புக்காரரும்கூட!

இரண்டாவது, லாரன்ஸ் பிரவுன். கான்சாஸில் 1907-ல் பிறந்தவர், 1932-ல் வந்தார். குடி, சிகரெட் எதுவும் கிடையாது. டிராம்போனில் செல்லோ மாதிரி உருக்கமா வாசிக்கணும்னு ஆசைப்பட்டவர். நீளமான மெட்டுன்னா எலிங்டன் இவரைத்தான் கூப்பிடுவார்.

மூணாவது ஆள்தான் இந்தக் கதையோட ஹீரோ. ஜோ நான்டன். 1904-ல் நியூயார்க்கில், மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து குடியேறின பெற்றோருக்குப் பிறந்தவர். 1926-ல் எலிங்டனிடம் சேர்ந்தார். மத்தவங்க ரெண்டு கையால செய்யறதை இவர் ஒரே கையால செஞ்சுடுவார்னு, ‘டிரிக்கி சாம்’னு பட்டப்பேர் விழுந்துச்சு.

அந்த வித்தை என்னன்னு கேட்டா சிரிப்பீங்க. டாய்லெட் அடைச்சுக்கிட்டா குத்தி எடுப்போமே, பிளஞ்சர்... அந்த ரப்பர் கப்பை மட்டும் கழட்டி எடுத்துப்பார். டிராம்போன் வாய்க்குள்ள டிரம்பெட்டுக்கு மாட்டுற சின்ன மியூட் ஒண்ணைச் செருகுவார். வலது கை ஸ்லைடுக்கு. இடது கை கருவியையும் தாங்கணும், அதே கையில் ரப்பர் கப்பை மூடி மூடித் திறக்கவும் வேணும். மூடினா ‘ஊ’, திறந்தா ‘வா’. இதோட வாய்க்குள்ள நாக்கையும் தொண்டையையும் வளைச்சு இன்னொரு வித்தை. எல்லாம் சேர்ந்தா ‘யா... யா...’ன்னு ஒரு ஆள் உங்க காதுல வந்து முறையிடுற மாதிரி இருக்கும். அந்த நுணுக்கத்தை யாருக்கும் முழுசா சொல்லிக் கொடுக்காம பொத்திப் பொத்தி வெச்சிருந்தார்.

எலிங்டன் எழுதின தாள்களில் ‘முதல் டிராம்போன், இரண்டாம் டிராம்போன்’னு போடறதுக்குப் பதிலா ஆளோட பேரையே போடுவார். அதாவது, அவர் டிராம்போனுக்கு இசை எழுதலை. டிரிக்கி சாமுக்கு எழுதினார், டிசோலுக்கு எழுதினார். எலிங்டன் வாசிச்சது பியானோ, ஆனா அவரோட உண்மையான கருவி அந்தக் குழுதான்னு அவர்கூட வேலை செஞ்ச பில்லி ஸ்ட்ரேஹார்ன் எழுதினதுக்கு அர்த்தம் இதுதான்.

சரி, பிளே பண்ணுங்க

ஆரம்பத்திலேயே அடியில் ஒரு ஒற்றைச் சுரம் உறுமும். அது ஹாரி கார்னியோட பாரிடோன் சாக்ஸபோன். பின்னாடி சோனி கிரீரோட டாம்-டாம் முழங்கும். அதுமேல டிராம்போன்கள் மூணும் சேர்ந்து இறங்கும். 12 விநாடிதான். ஆனா, இருட்டான ஒரு வாசலுக்குள்ள காலை வெச்ச மாதிரி ஆயிடும்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. இந்தப் பாட்டு 12 பார் ப்ளூஸ். (இது வேற பார், பதறாதீங்க.) நாலு அடி சேர்ந்தா ஒரு பார், 12 பார் சேர்ந்தா ஒரு சுற்று, கிட்டத்தட்ட 18 விநாடி. ‘கோ-கோ’வில் மொத்தம் ஏழு சுற்று. இவ்வளவு தெரிஞ்சாலே எங்கேயும் தொலைஞ்சுபோக மாட்டீங்க.

முதல் சுற்று டிசோல். மூணு குட்டி சுரம், ஒரு நீள சுரம்: ‘ட-ட-ட-டாஆ’. பாட்டு முழுக்க வரப்போற விதை இதுதான். அவர் சொல்றதும், சாக்ஸபோன்கள் பதில் சொல்றதுமா போகும். அந்தக் குரலில் உணர்ச்சிக் கொந்தளிப்பே இருக்காது. நிலைமையை விவரிக்கிற தூதுவன் மாதிரி.

சுமார் 31-வது விநாடியில் டிரிக்கி சாம் வருவார். காதைத் தீட்டிக்கோங்க. கருவிப் பேர் ஒண்ணுதான், டிராம்போன். ஆனா, இப்போ பேசறது வேற பிறவி. ரெண்டு சுற்று முழுக்க அவருக்குத்தான். அவர் பயன்படுத்துறது விரல் விட்டு எண்ணக்கூடிய சில சுரங்கள்தான். திரும்பத் திரும்ப அதையே வெவ்வேறு விதமா மூடித் திறந்து, கெஞ்சி, உறுமி, கேள்வி கேட்பார். இரண்டாவது சுற்றில் இறுக்கம் இன்னும் ஏறும். வேகமா நூறு சுரம் வாசிக்கிறதுதான் திறமைன்னு நினைக்கிறவங்களுக்கு இந்த 36 விநாடியைப் போட்டுக் காட்டணும்.

நாலாவது சுற்றில் எலிங்டனோட பியானோ, கூட்டத்துக்குள்ள கல்லெறியற மாதிரி முரட்டுத்தனமா வரும். 1940-க்கு அது ரொம்பவே துணிச்சல். அஞ்சாவதில் டிரம்பெட்டுகள் அந்த ‘ட-ட-ட-டாஆ’வைப் பிடிச்சுக்கும். ஆறாவதில் திடீர்னு மொத்தக் குழுவும் நிறுத்திட்டு, ஜிம்மி பிளான்டனோட டபுள் பாஸ் தனியா நடக்கும். அப்போ அவருக்கு 21 வயசு. கூட்டம் கத்தும், அவர் அமைதியா பதில் சொல்வார். ஏழாவது சுற்று, 15 பேரும் சேர்ந்து இடிக்கிற உச்சம். அப்புறம் அந்த ஆரம்ப உறுமல் திரும்ப வந்து, முடியும்.

முதல் தடவை எல்லாத்தையும் பிடிக்க முயற்சி பண்ணாதீங்க. ஒரு தடவை டிராம்போனை மட்டும் பின்தொடருங்க. தனி வாசிப்பு முடிஞ்ச பிறகும், டிரம்பெட்டுக்குக் கீழ அவங்க என்ன பண்றாங்கன்னு கேளுங்க. கடைசிச் சுற்றில் அவங்களை மனசுக்குள்ள அழிச்சுப் பாருங்க. கட்டடத்தோட நடுமாடி காணாமப்போன மாதிரி இருக்கும்.

அந்த இருட்டு எங்கேருந்து வந்துச்சு?

நியூ ஆர்லியன்ஸில் காங்கோ சதுக்கம்னு ஒரு இடம். அடிமைகளா இருந்த கறுப்பின மக்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி டிரம் அடிச்சு ஆடின மைதானம். ‘கோ-கோ’வை அந்த இடத்தோட சேர்த்துத்தான் எலிங்டன் அறிமுகப்படுத்தினார். கறுப்பின மக்களோட வரலாற்றை ‘பூலா’ங்கிற ஒபெராவா எழுதணும்னு அவருக்கு ஒரு திட்டம் இருந்துச்சு, இது அதிலிருந்து வந்த துண்டு. அந்த ஒபெரா முழுமையடையவே இல்லை.

இதை வெறும் பழங்கதையா அவங்க வாசிக்கலை. தென் மாநிலங்களில் வெள்ளைக்காரங்க ஹோட்டலில் இவங்களுக்கு ரூம் கிடையாது. தனி ரயில் பெட்டியை வாடகைக்கு எடுத்து, அதிலேயே தூங்கி எழுந்து ஊர் ஊரா போனாங்க. 1930-ல் இவங்க நடிச்ச ஒரு ஹாலிவுட் படத்தில், டிசோலோட நிறம் வெளுப்பா இருந்ததால, கறுப்பரும் வெள்ளையரும் ஒண்ணா வாசிக்கிற மாதிரி தெரிஞ்சுடக் கூடாதுன்னு அவர் முகத்தில் கறுப்பு மேக்கப் பூசினாங்க. கிளாரினெட் வாசிச்ச பார்னி பிகார்டுக்கும் அதேதான். அப்படி முகம் பூசப்பட்டவர்தான், பத்து வருஷம் கழிச்சு இந்தப் பாட்டோட முதல் சொல்லைச் சொல்றார்.

இந்தக் கூட்டணி ரொம்ப நாள் நிலைக்கலை. பிளான்டன் காசநோயால் 1942-ல் இறந்தார், வயசு 23. டிசோல் 1944-ல் ஹாரி ஜேம்ஸ் குழுவுக்குப் போனார். 1946 ஜூலையில், சுற்றுப்பயணத்தின் நடுவே சான் ஃபிரான்சிஸ்கோவில் நான்டன் இறந்துபோனார், 42 வயசில். அவரோட பாணியைப் பிறகு வந்தவங்க நல்லாவே வாசிச்சாங்க. ஆனா அந்த ‘யா’ அவரோடதான் போச்சு. லாரன்ஸ் பிரவுன் நடுவில் விலகி, 1960-ல் திரும்பி வந்து, பத்து வருஷம் வாசிச்சார். 1963-ல் எலிங்டன் குழு இந்தியா, இலங்கைக்கெல்லாம் சுற்றுப்பயணம் வந்தப்போ டிராம்போன் வரிசையில் அவர் இருந்தார். ஆக, அந்த மூவரில் ஒருத்தரோட மூச்சு நம்ம பக்கமும் கேட்டிருக்கு.

பிடிச்சுப்போச்சுன்னா, அடுத்து ரெண்டு பதிவு தேடுங்க. 1940 நவம்பர் 7-ம் தேதி வடக்கு டகோட்டாவில் ஃபார்கோங்கிற ஊரில், ஒரு நடன அரங்கில் ரெண்டு இளம் ரசிகர்கள் கையோடு கொண்டுபோன கருவியில் பதிவு செஞ்சது ஒண்ணு. அதில் கூட்டத்தோட சத்தம், தூசி எல்லாம் இருக்கும், நான்டனும் இருப்பார். இன்னொண்ணு 1956-ல் எலிங்டனே இதே பாட்டைத் திரும்பப் பதிவு செஞ்சது. வேகம் கூட, ஒலிப்பதிவு எவ்வளவோ தெளிவு. அதைக் கேட்டு முடிச்ச கையோடு, திரும்ப 1940-க்கு வந்து, அந்த 31-வது விநாடியில் வைங்க.