கோட்டா கேட்காத வகுப்பு

மலேசியாவில் தமிழ்ப்பள்ளியில் தொடங்கி எஸ்.டி.பி.எம். எழுதி முடிக்க ஒரு பிள்ளைக்குப் பதின்மூன்று வருடம் ஆகும். நடுவில் புகுமுக வகுப்பில் உட்கார நேர்ந்தால் பதினான்கு. அதில் கடைசி இரண்டுதான் ஆறாம் படிவம்: கீழ் ஆறு, மேல் ஆறு.

என் ஊர் ஹுத்தான் மெலிந்தாங். அங்கே இந்தச் சொல்லை இரண்டு தொனியில் கேட்டிருக்கிறேன். எழுபதைத் தாண்டியவர்கள், "அவரு அந்தக் காலத்துலயே ஃபார்ம் சிக்ஸ் படிச்சவரு" என்று சொல்லும்போது குரலில் மரியாதை இருக்கும். 2014இல் நான் கீழ் ஆறில் சேர்ந்தபோது என்னிடம் கேட்டதோ, "ஏன் தம்பி, மெட்ரிக் கிடைக்கலையா?" மரியாதையாக இருந்தது எப்படிப் பரிதாபமானது? இதற்குப் பதில் தேடினால் தோட்டத்துக் கல்வியின் பாதி வரலாறு கிடைத்துவிடுகிறது.

பெர்ணம் ஆற்றங்கரை ஊர் இது. சுற்றிலும் தோட்டங்கள். ரப்பர், கடலோரப் பக்கம் தென்னை, இப்போது கண்ணுக்கெட்டிய வரை செம்பனை. வெஸ்டன்ஹோல்ஸ் என்ற டென்மார்க்காரர் 1906இல் தொடங்கிய ஜெண்டராட்டா தோட்டம் இந்தப் பக்கம்தான். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டு தொழிலாளர் சட்டம் சொன்னது. பள்ளி வந்தது. அதைத் தாண்டிப் போக வழி வரவில்லை. தோட்டப் பள்ளி தமிழில் நடந்தது. இடைநிலைப்பள்ளி பட்டணத்தில், ஆங்கிலத்தில் இருந்தது.

சுதந்திரத்துக்குப் பிறகும் சல்லடைகள் குறையவில்லை. 1964 வரை ஆறாம் ஆண்டு முடிவில் ஒரு நுழைவுத் தேர்வு இருந்தது. பெரும்பாலான பிள்ளைகளின் படிப்பு பன்னிரண்டு வயதில் அங்கேயே நின்றது. தேறியவர்களில் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் ஆங்கிலம் பிடிபட ஒரு வருடம் புகுமுக வகுப்பில் இருந்தார்கள். பிறகு எல்.சி.இ., அடுத்து எம்.சி.இ., கடைசியில் கேம்பிரிட்ஜ் வழி வந்த எச்.எஸ்.சி. அந்த எச்.எஸ்.சி.தான் ஆறாம் படிவத்தின் தேர்வு. 1969இல் பினாங்கில் இரண்டாவது பல்கலைக்கழகம் திறக்கும்வரை, கோலாலம்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகம் ஒன்றுதான் இருந்தது. இத்தனை சல்லடைகளிலும் தங்கி அந்த ஒற்றை வாசலில் போய் நின்ற தோட்டத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் இருந்திருக்க முடியும்? பெரியவர்களின் குரலில் இருந்த மரியாதை இதற்குத்தான்.

அடுத்து மொழி மாறியது. 1970இல் ஆங்கிலப் பள்ளிகளின் முதலாம் ஆண்டு மலாய்க்கு மாறியது. அதிலிருந்து ஆண்டுக்கு ஒரு வகுப்பாக மேலே ஏறி, 1982இல் மேல் ஆறாம் படிவத்தை எட்டியது. புதிதாக அமைந்த மலேசியத் தேர்வு மன்றம் அந்த ஆண்டு எஸ்.டி.பி.எம். தேர்வை நடத்தியது. எச்.எஸ்.சி. போனது. 1970இல் தமிழ்ப்பள்ளியில் சேர்ந்த ஒரு பிள்ளை, புகுமுக வகுப்பையும் சேர்த்தால், 1983இல் இந்தத் தேர்வுக்கு உட்கார்ந்திருக்கும். அண்ணன் ஆங்கிலத்தில் போராடிய இடத்தில் தம்பி மலாயில் போராடினான். வீட்டில் பேசிய மொழி இரண்டு காலத்திலும் தேர்வுத்தாளில் இல்லை. அதே 1982இல் மலாயாப் பல்கலைக்கழக விரிவுரையாளர் டாக்டர் தம்பிராஜாவும் மாணவர்களும் ஸ்ரீ முருகன் நிலையத்தைத் தொடங்கினார்கள். பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்துவிட்டவர்கள் திரும்பி வந்து, வெளியே நிற்கும் தம்பி தங்கைகளுக்குப் பாடம் நடத்தினார்கள்.

மொழியைவிடப் பெரிய மாற்றம் கோட்டா. 1971க்குப் பிறகு பல்கலைக்கழக இடங்கள் இன விகிதப்படி போயின. அதாவது அப்போது ஆறாம் படிவத்தில் நன்றாகத் தேறினாலும் வெளியே போகும் வாசல் குறுகல். 2002இல் விகித முறை போய்த் தகுதி முறை வந்தது. ஆனால் அதற்குள் 1990களின் கடைசியில் கல்வி அமைச்சின் மெட்ரிகுலேஷன் திட்டம் வந்துவிட்டது. பெரும்பாலோருக்கு ஒரே வருடம், விடுதி, மாதப்படி. தொடக்கத்தில் பூமிபுத்ரா மாணவர்களுக்கு மட்டும். பிறகு 90க்கு 10 என்ற விகிதம். 2012இல் இந்திய மாணவர்களுக்கு 1,500 இடங்கள் என்று அறிவித்தார்கள். 2019இல் மொத்த இடங்கள் 25,000இலிருந்து 40,000 ஆயின, விகிதம் மட்டும் மாறவில்லை. இரண்டு வெவ்வேறு தேர்வுகளின் புள்ளிகள் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் ஒரே தராசில் வைக்கப்பட்டன. ஒருவர் மின்தூக்கியில் வருகிறார், ஒருவர் படியேறி வருகிறார். மேலே இருவருக்கும் ஒரே வரிசை.

மெட்ரிக் வந்த பிறகு ஆறாம் படிவம் 'கிடைக்காதவர்கள் போகும் இடம்' ஆனது. வகுப்பின் தரம் குறையவில்லை. பக்கத்தில் வேறொரு வாசல் திறந்தது, அவ்வளவுதான்.

நான் போனது தெலுக் இந்தானில் ஒரு பள்ளிக்கு. 2012இலிருந்து எஸ்.டி.பி.எம். மூன்று தவணைத் தேர்வாக மாறியிருந்தது. ஒன்றரை வருடத்தில் மூன்று முறை பரீட்சை மண்டபம், நடுவில் பெங்காஜியான் ஆம் இடுபணி, மூயெட் ஆங்கிலத் தேர்வு. பத்தொன்பது வயதில் சீருடை போட்டுக்கொண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகளோடு திங்கட்கிழமை சபைகூடலில் நிற்க வேண்டும். கூடப் படித்தவன் கல்லூரி விடுதியில் இருந்து படம் அனுப்புவான். பள்ளி பஸ்ஸில் அதைப் பார்க்கும்போது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும். சிலர் அந்தக் கூச்சத்திலேயே சில வாரங்களில் நின்றுவிட்டார்கள். பாடம் கஷ்டம் என்று போனவர்களைவிட, "இன்னும் ஸ்கூலா?" என்ற கேள்வி தாங்காமல் போனவர்கள்தான் எனக்குத் தெரிந்து அதிகம். தொழிற்சாலை வேலை, இல்லையென்றால் பி.டி.பி.டி.என். கடனில் ஏதோ ஒரு தனியார் கல்லூரி டிப்ளோமா. அரசுப் பள்ளியில் சில நூறு ரிங்கிட்டில் முடிந்திருக்க வேண்டிய படி, பல ஆயிரம் கடனாக மாறியது.

இழந்தது இன்னொன்றும் உண்டு. எஸ்.டி.பி.எம்.மில் தமிழ் ஒரு பாடம், எண் 912. நான் எடுத்தது இயற்பியல், வேதியியல், கணிதம், பொதுப்பாடம். தமிழ் எடுக்க வேண்டுமானால் அது ஐந்தாவது பாடம். என் பள்ளியில் அதற்கு வகுப்பும் இல்லை. அறிவியல் பக்கம் போகும் பிள்ளையின் தமிழ் பதினேழு வயதில் நின்றுபோகிறது. அதற்குப் பிறகு வாசித்ததெல்லாம் நானாகத் தேடி வாசித்ததுதான்.

இருந்தும் ஆறாம் படிவத்தை நான் பரிதாபமாகப் பார்ப்பதில்லை. உள்ளே வரும்போது அது யாரிடமும் இனம் கேட்பதில்லை. எஸ்.பி.எம். புள்ளி இருந்தால் போதும். என் வகுப்பில் மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லோரும் ஒரே பலகையைப் பார்த்தோம், ஒரே தாளை எழுதினோம். அந்தத் தாள் வழியாகத்தான் நான் பொறியியலுக்குப் போனேன்.

தோட்டங்களைப் பற்றி நான் வாசித்த வரலாறுகளில் கப்பல் இருக்கிறது, கங்காணி இருக்கிறார், சங்கமும் வேலைநிறுத்தமும் தோட்டத் துண்டாடலும் இருக்கின்றன. லயத்திலிருந்து கிளம்பி எச்.எஸ்.சி. எழுதப்போன பிள்ளைகள் அநேகமாக இல்லை. எந்த பஸ்ஸில் போனார்கள், எந்த விளக்கில் படித்தார்கள், கட்டணம் எங்கிருந்து வந்தது, தேறாதவர்கள் எங்கே போனார்கள்? சொல்லக்கூடியவர்களுக்கு இப்போது எழுபதும் எண்பதும் வயது. உங்கள் ஊரிலும் அப்படி ஒரு தாத்தாவோ பாட்டியோ இருப்பார்கள். போய் உட்கார்ந்து கேட்டு எழுதி வைக்க வேண்டிய வேலை நம்முடையது.